தடைக்கு ஒரு மொழி, கணக்குக்கு வேறு மொழி

வானியல் குறித்துத் தமிழில் எழுதப்படுபவற்றைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கிவிடலாம். விண்மீன்களின் தொலைவையும் பருமனையும் சொல்லி வாசகரை மலைக்க வைப்பவை ஒரு வகை. ராக்கெட் ஏறிய மறுநாள் நாளிதழ்களில் ‘சீறிப் பாய்ந்தது’ என்ற தலைப்புடன் வருபவை இன்னொரு வகை. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு பெரும்பகுதி எழுதப்படாமலேயே கிடக்கிறது. மக்கள் பணத்தில் இயங்கும் ஒரு வானியல் நிறுவனம் ஓர் ஆண்டு முழுவதும் என்னதான் செய்கிறது என்ற எளிய கேள்விக்குத் தமிழில் விடை தேடினால் நமக்குக் கிடைப்பது மிகச் சொற்பம்.

அந்த ஓராண்டுக் கணக்கைக் கேட்கும் உரிமை பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவக் குப்பங்களுக்கு மற்ற எவரையும் விட அதிகம் உண்டு என்பதும், அக்கணக்கு அவர்களுடைய மொழியில் தரப்பட வேண்டும் என்பதும் நம் கருத்து. அதைத் தமிழில் எழுதுவதில் இலக்கிய வாசகர்களான நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. வானியலுக்கும் பழவேற்காட்டுக்கும் என்ன தொடர்பு என்று வியப்பவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

பழவேற்காடு ஏரி இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்கோடிச் சிறுபகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கின்றன. ஏரியையும் வங்கக் கடலையும் பிரித்துக்கொண்டு நீளவாக்கில் கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிக்கோட்டா. 1969இல் அத்தீவு ராக்கெட் தளத்துக்கெனத் தேர்வு செய்யப்பட்டது. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி வகைச் சிறு ராக்கெட்டுகள் அங்கிருந்து முதன்முதலாக ஏவப்பட்டன. 2002இல் அது சதீஷ் தவன் விண்வெளி மையம் என்று பெயர் பெற்றது. தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடியினரும் மீனவர்களும் பிறரும் தளத்துக்காக இடம்பெயர்ந்தார்கள். அவர்களுள் சில மீனவக் குடும்பங்கள் ஏரியின் தென்கரைக்கு வந்து சேர்ந்தன. ஆக, இந்திய விண்வெளி முயற்சிக்கு இக்கரை மக்கள் முதலில் கொடுத்தது நிலம். அன்றிலிருந்து இன்றுவரை கொடுத்துக்கொண்டிருப்பது நாட்கள்.

நாட்கள் என்று நாம் சொல்வதை ஓர் ஆண்டை எடுத்துக்கொண்டு விளக்கலாம். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான நிதியாண்டில் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து எட்டு ஏவுதல்கள் நடந்தன. ஏப்ரல் 22, மே 29, ஜூலை 14, ஜூலை 30, செப்டம்பர் 2, அக்டோபர் 21, ஜனவரி 1, பிப்ரவரி 17. இவற்றுள் ஜூலை 14 சந்திரயான்-3 புறப்பட்ட நாள். அக்டோபர் 21 மனிதரை விண்ணுக்கு அனுப்பும் திட்டத்துக்கான சோதனை. ஒவ்வோர் ஏவுதலுக்கும் முன்பாக, குறிப்பிட்ட கடற்பகுதிக்குள் படகுகள் செல்லக்கூடாது என்ற அறிவிப்பு மீனவக் கிராமங்களுக்கு வந்துவிடும். எரிந்து கழலும் பாகங்கள் கடலில் விழும் என்பதால் இந்த எச்சரிக்கை தேவையானதே. அதில் நமக்கு மறுப்பில்லை. அதே ஆண்டில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. அந்த வெள்ளத்தோடு தெற்கே எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. ஏரியின் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும் பழைய தொல்லையோ எல்லா ஆண்டுக்கும் பொது. கடலுக்குப் போகாத நாட்களின் வரிசையில் ராக்கெட் நாட்களும் சேர்ந்துகொள்கின்றன.

இதே பன்னிரண்டு மாதங்களை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கலாம். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வானியற்பியல் நிறுவனம் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் தன்னாட்சி அமைப்பு. இன்றைய வடிவில் அது உருவானது 1971இல், ஸ்ரீஹரிக்கோட்டா தளம் தொடங்கிய அதே ஆண்டில். கொடைக்கானல் சூரிய ஆய்வகமும், ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகமும், லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லே தொலைநோக்கியும் அதனுடையவை. 2023 செப்டம்பர் 2 அன்று ஏரிக்கு அக்கரையிலிருந்து சென்ற ஆதித்யா-எல்1 விண்கலத்தின் முதன்மைக் கருவியை வடிவமைத்து உருவாக்கியதும் இந்நிறுவனமே. சூரியனின் வட்டத்தை மறைத்து, அதைச் சூழ்ந்திருக்கும் கொரோனா எனும் ஒளிமகுடத்தை மட்டும் பார்க்கும் கருவி அது. விண்கலம் 2024 ஜனவரி 6 அன்று, பூமியிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் தன் இருப்பிடம் சேர்ந்தது. இடையில் ஜனவரி 1 அன்று, பெங்களூரின் ராமன் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கருவியுடன் எக்ஸ்போசாட் விண்கலமும் அதே தளத்திலிருந்து கிளம்பியது. எட்டு ஏவுதல்களுள் இரண்டு முற்றிலும் வானியலுக்கானவை.

இந்த ஓராண்டுப் பணி முழுவதும் முறையாக அச்சிடப்பட்டு ஆண்டறிக்கையாக நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டப்படி அத்தகைய அறிக்கைகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும், இருக்கின்றன. தமிழில் இல்லை, தெலுங்கிலும் இல்லை.

நம்மை உறுத்துவது இதுதான். ‘கடலுக்குப் போகாதே’ என்று சொல்ல வேண்டிய நாளில் அரசு பழவேற்காட்டு மீனவரிடம் தமிழில் பேசுகிறது. நீ போகாமல் இருந்த அந்த நாளில் நாங்கள் அனுப்பியது இது, அதனால் அறிந்தது இது என்று கணக்குச் சொல்ல வேண்டிய நாளில் அது வேறு மொழிகளுக்குப் போய்விடுகிறது. தடை தமிழில் வருகிறது, கணக்கு வருவதில்லை. ஒரு மொழியை ஏவலுக்கும் விலக்கலுக்கும் மட்டும் பயன்படுத்திக்கொண்டு, அறிவைப் பகிரும்போது அதை வாசலுக்கு வெளியே நிறுத்துவது அம்மொழி பேசுவோரைக் குடிமக்களாக அல்லாமல் வெறும் குடிகளாக நடத்துவதாகும். நிறுவனத்தில் எவரும் இதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். கேட்பார் இல்லாததால் இப்படியே நடந்துவருகிறது.

பொதுச் சொத்தின் கணக்கை ஊர் நடுவில் வைப்பது பழவேற்காட்டுக்குப் புதிதல்ல. ஏரியின் இறால் வளம் மிக்க இடங்களில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறைவைத்துத் தீர்மானிக்கும் ‘பாடு’ என்ற ஏற்பாடு அங்கு நெடுங்காலமாக உண்டு. உழைப்பையும் துன்பத்தையும் குறிக்கும் சொல்லே முறைக்கும் பெயரானது தமிழின் அழகுகளுள் ஒன்று. பாடு குறையில்லாத அமைப்பல்ல. பெண்களுக்கும் பிற சாதியினருக்கும் அதில் இடமில்லை என்ற விமரிசனம் நியாயமானது. ஆயினும் அதில் பங்குள்ள ஒவ்வொருவருக்கும் தன் முறை எது, பிறர் முறை எது என்பது ஒளிவின்றித் தெரியும். சூரியனின் கொரோனா பாட்டு நீர்நிலையைப் போன்றதொரு பொதுச்சொத்து என்றே வைத்துக்கொள்வோம். அதில் வலை கட்டியவர்கள் வந்து, கிடைத்ததையும் கிடைக்காததையும் சொல்ல வேண்டாமா?

கிடைக்காததை என்று நாம் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏவுதல் நாளின் செய்தி எப்போதும் வெற்றிச் செய்தி. அல்லது அரிதாகத் தோல்விச் செய்தி. ஓராண்டுப் பணியோ அப்படிப்பட்டதல்ல. காவலூரில் பருவமழை மாதங்களில் இரவு இரவாக மேகம் மூடிக் கிடக்கும். கொடைக்கானலில் 1904 தொடங்கிச் சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். வானம் தெளிந்த நாட்களில் எல்லாம் ஒரே சூரியன், ஒரே மாதிரியான படம். ஒரு தனிப்படத்தால் பயன் அதிகமில்லை. நூறாண்டுக்கு மேலாகச் சேர்ந்த வரிசையால்தான் சூரியக் கரும்புள்ளிகள் பெருகிக் குறைவதை ஒன்பது சுழற்சிகளுக்கும் மேலாகத் தொடர்ந்து ஆராய முடிகிறது. 1909 ஜனவரியில் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் கண்டறிந்தது அங்குதான். அதற்கு முன்னும் பின்னும் எதுவும் கண்டறியாமல் கழிந்த நாட்கள் எத்தனை! வெறுங்கையோடு திரும்புவது என்னவென்று மீனவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தச் சலிப்பும் பொறுமையும் கலந்த உண்மையான அறிவியலை, ராக்கெட்டின் புகையைக் கண்டு கைதட்டும் நகரவாசியைவிட அவர்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள் என்பது நம் நம்பிக்கை.

வானாய்வகம் தமிழில் பேசுவது நடவாத காரியம் என்று நினைப்போர் நுங்கம்பாக்கத்துக்குப் போய்வரலாம். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கு கட்டிய சென்னை வானாய்வகம்தான் பிற்பாடு கொடைக்கானலுக்குப் பெயர்ந்து, இன்றைய இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கு மூலமானது. பழைய கட்டடம் மறைந்துவிட்டது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்குள்ள வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. ஆய்வகம் எழுந்த செய்தி அன்று கல்லில் வெட்டப்பட்டபோது, பிற மொழிகளுடன் தமிழிலும் தெலுங்கிலும் வெட்டப்பட்டது. கம்பெனிக்குத் தமிழ்ப்பற்று இருந்ததாக நாம் கற்பனை செய்துகொள்ள வேண்டியதில்லை. தன் பெருமையை இந்நாட்டார் வாசிக்க வேண்டும் என்று அது விரும்பியது, அவ்வளவே. ஆனால் எந்த மொழியில் எழுதினால் வாசிப்பார்கள் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. பழவேற்காட்டு ஏரியைச் சுற்றி இன்றும் பேசப்படுபவை அந்த இரண்டு மொழிகள்தாம்.

அதே ஆய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியைத் தமிழ் வாசகர்கள் ஏறக்குறைய மறந்தே போனோம். 1867இல் ரெட்டிகுலம் விண்மீன் தொகுதியில் ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் அவர். ரெட்டிகுலம் என்ற லத்தீன் சொல்லுக்குச் சிறுவலை என்று பொருள். 1868 ஆகஸ்டு 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண வனபர்த்திக்குச் சென்ற குழுவும் அவருடையது. 1874இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்க இருந்தபோது, அதை விளக்கும் சிறு நூலொன்றை ஆங்கிலத்தில் மட்டுமின்றி, கன்னடம், உருது முதலிய இந்திய மொழிகளிலும் கொண்டுவந்தார். கண்ணால் காணும் வானத்தோடு பொருந்தும்படி திருக்கணித முறையில் பஞ்சாங்கத்தைத் திருத்த முயன்றவரும் அவரே. வானாய்வகத்தின் வேலை அதன் மதிலுக்குள் முடிவதில்லை என்பதை அறிந்த அரசு ஊழியர் ஒருவர் 150 ஆண்டுகளுக்கு முன்பே நம் ஊரில் இருந்திருக்கிறார்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றையும் சொல்லலாம். பிராகாவுக்குத் தென்கிழக்கே ஒந்த்ரெயொவ் என்ற சிற்றூரில் செக் அறிவியல் கழகத்தின் வானியல் நிறுவனம் இருக்கிறது. யோசெஃப் யான் ஃபிரிச் என்பவர் தம் சொந்தச் செலவில் கட்டி, 1928இல் நாட்டுக்குக் கொடையாக அளித்த வானாய்வகம் அது. 1967 முதல் அங்கு 2 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. நம் காவலூரில் 1986 முதல் இயங்குவது 2.34 மீட்டர். 2005ஆம் ஆண்டின் சட்டப்படி அது ‘பொது ஆராய்ச்சி நிறுவனம்’ என்ற தகுதி உடையது. ஆண்டுதோறும் அறிக்கையைப் பொதுவில் வெளியிட வேண்டிய கடமை அந்தத் தகுதியோடு சேர்ந்தே வருகிறது. அவ்வறிக்கை செக் மொழியில் வருகிறது. செக் மொழி பேசுவோர் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 6.9 கோடி. அங்கும் ஆய்வுக் கட்டுரைகள் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. உலகத்தோடு பேச ஒரு மொழி, ஊருக்குக் கணக்குச் சொல்ல ஒரு மொழி என்ற பாகுபாடு அவர்களுக்குத் தெளிவாக இருக்கிறது.

அந்த நிறுவனத்துக்கும் பழவேற்காட்டுக்கும்கூட ஒரு தொடர்பு ஏற்பட்டுவிட்டது. 2024 டிசம்பர் 5 மாலை ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ஐரோப்பிய விண்வெளி முகமையின் புரோபா-3 ஏவப்பட்டது. ஏறத்தாழ 150 மீட்டர் இடைவெளியில் பறக்கும் இரண்டு விண்கலங்களுள் ஒன்று சூரியனை மறைக்க, மற்றது அந்த நிழலில் நின்று கொரோனாவைப் பார்க்கும். அதன் கருவிப் பணியில் செக் வானியலாளருக்கும் பங்குண்டு. முந்தைய நாளே நடந்திருக்க வேண்டிய ஏவுதல் அது. விண்கலத்தில் கண்ட ஒரு கோளாறால் ஒரு நாள் தள்ளிப்போனது. ஒத்திவைப்பு என்பது அறிக்கையில் ஒரு வரி. படகை மணலில் ஏற்றி வைத்துக் காத்திருப்பவருக்கு அது இன்னொரு நாள். அந்த விண்கலத்தைப் பற்றி ஒந்த்ரெயொவ் ஊரார் தம் மொழியில் வாசிக்க முடியும். அது கிளம்பியதைக் கண்ணாரக் கண்ட குப்பத்தார் வாசிக்க என்ன இருக்கிறது?

நம் கருத்துக்கு எழக்கூடிய மறுப்புகளையும் பார்த்துவிடலாம். முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கையில் மீனவருக்குக் கொரோனா எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. முகத்துவாரத்துக்கு மாற்றாக ஆண்டறிக்கையைத் தரச் சொல்லவில்லை. இரண்டும் அவர்களுக்கு வரவேண்டியவை. தவிர, வயிறு நிறைந்த பிறகுதான் அறிவு என்று வரிசை வகுப்பவர்கள் தமக்கு அந்த விதியை ஒருபோதும் வைத்துக்கொள்வதில்லை.

இது பயனற்ற அறிவு என்ற மறுப்புக்கு விடையைச் சூரியனே தந்துவிட்டது. 2024 மே 10 அன்று, 2003க்குப் பிறகு மிகக் கடுமையான புவிகாந்தப் புயல் ஏற்பட்டது. ஹான்லேயில் உள்ள கேமராக்களில் வானம் சிவந்து பதிவானது. அமெரிக்காவில் ஜிபிஎஸ் வழிகாட்டலில் விதைப்பு செய்துகொண்டிருந்த டிராக்டர்கள் தடுமாறி நின்றன. இன்று கடலுக்குச் செல்லும் படகுகளிலும் ஜிபிஎஸ் கருவி இருக்கிறது. வலையிட்ட இடத்தையும் கரைக்குத் திரும்பும் வழியையும் அதுவே காட்டுகிறது. சூரியன் சீறினால் அந்தக் கருவி ஏன் பிழை காட்டும் என்பது படகோட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஆதித்யா-எல்1 சூரியனைக் காவல் காப்பது அதற்காகவும்தான்.

தமிழால் இயலுமா என்ற கடைசி மறுப்புக்கு நாம் விடை சொல்லத் தேவையில்லை. பெ.நா.அப்புசுவாமி அதற்கு ஒரு வாழ்நாளையே விடையாக அளித்துச் சென்றுவிட்டார். மீன் என்ற ஒரே சொல்லால் நீரில் நீந்துவதையும் வானில் ஒளிர்வதையும் சுட்டிய மொழி இது. தட்டுப்பாடு சொல்லில் இல்லை, எழுதுவோரிடத்தில்தான். சிற்றிதழ் மரபில் வளர்ந்த நாம், ஒரு பிரெஞ்சு நாவலை மூலத்திலிருந்து பெயர்த்தால் கொண்டாடுகிறோம். நம் மலைகளில் இருக்கும் ஆய்வகங்களின் அறிக்கையைப் பெயர்ப்பது இலக்கியக் காரியமாக நமக்குப் படுவதில்லை. அந்த எல்லைக்கோடு எதற்கு என்று யோசிக்க வேண்டிய நேரம் இது.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. முழு அறிக்கையின் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு வேண்டாம். கட்டுரைப் பட்டியலும் தணிக்கைக் குறிப்பும் எம்மொழியிலும் வாசிக்கக் கடினம். நாற்பது பக்கத்தில் ஒரு சிறு நூல் போதும். இந்த ஆண்டில் எதைத் தேடினோம், எந்தக் கருவியால் தேடினோம், எத்தனை இரவுகள் வானம் திறந்திருந்தது, எது கிடைத்தது, எது கைநழுவியது, எவ்வளவு செலவானது என்பவை அதில் இருக்கட்டும். தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. எழுத விஞ்ஞானிகளுக்கு நேரமில்லை என்றால் எழுதித்தர நம்மிடையே ஆட்கள் உண்டு. பிழை திருத்திக் கொடுத்தால் போதும். காவலூரில் சனிக்கிழமை இரவுகளில் பொதுமக்களுக்குத் தொலைநோக்கி வழியே வானத்தைக் காட்டும் நல்ல வழக்கம் உள்ள நிறுவனத்துக்கு இது எட்டாத தொலைவல்ல.

அந்த நூலின் முதல் படிகள் கோட்டைக்குப்பத்துக்கும் ஆண்டிக்குப்பத்துக்கும் நடூர் மாதாக்குப்பத்துக்கும் போய்ச் சேர வேண்டும். அடுத்த ஏவுதலுக்கான எச்சரிக்கை அறிவிப்பைக் கொண்டு செல்பவர் கையிலேயே அதையும் கொடுத்தனுப்பலாம். வழி அவருக்குத் தெரியும்.